பாலும் பால்நிலையும்: கிழக்கிலங்கையில் இருந்துகொண்டு ஓர் எளிய விளக்கம்

பிரசவ விடுதியில் இருந்து தாதி வெளியே வந்து "பொம்புளைப் புள்ள" என்று சொல்கிறாரே, அது பால். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பார்க்க வருகிறவர்கள் "இப்பவே வீட்டுக்கு அத்திவாரம் போடத் தொடங்குங்க", "கால விரிச்சுப் படுக்க விடாதீங்க, மறுகா அதுவே பழகிப் போயிரும்" என்று பத்து நாள் பிள்ளையைப் பார்த்துச் சொல்கிறார்களே, அது பால்நிலை. முதலாவதை உடம்பைப் பார்த்துச் சொல்கிறார்கள், இரண்டாவதை ஊரைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

வித்தியாசம் இவ்வளவுதான். ஆனாலும் நாம் இரண்டையும் ஒன்றாகவே போட்டுக் குழைத்து வைத்திருப்பதால், எது உடம்போடு வந்தது, எது ஊர் பழக்கிவிட்டது என்று பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் கஷ்டப்படத்தான் வேண்டியிருக்கிறது.

முதலில் பாலை முடித்துவிடுவோம், அது பள்ளிக்கூட விஞ்ஞானப் பாடம். நிறமூர்த்தங்களில் ஒரு சோடி பாலைத் தீர்மானிக்கிறது. தாயிடமிருந்து எப்போதும் எக்ஸ்தான் வரும், தகப்பனிடமிருந்து எக்ஸும் வரலாம், வையும் வரலாம். எக்ஸ் வந்தால் பெண், வை வந்தால் ஆண். அதாவது நாலாவதும் பெட்டைப் பிள்ளை என்று மருமகளைப் பார்த்து முகத்தைச் சுழிக்கிற மாமிமார் உண்மையில் தங்கள் மகனைத்தான் பார்த்துச் சுழிக்க வேண்டும். கருவறையில் ஆறு, ஏழு வாரம் வரை இரண்டு வகைக் கருவும் பார்வைக்கு ஒன்றுதான், அதன் பிறகுதான் விதையோ சூலகமோ உருவாகத் தொடங்கும். பருவ வயதில் ஹோர்மோன்கள் மீதி வேலையைச் செய்யும்: குரல் உடைவது, மீசை முளைப்பது, மார்பு வளர்வது, மாதவிடாய் வருவது எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. இதிலும் எல்லாம் இரண்டே பெட்டிக்குள் அடங்கிவிடுவதில்லை. நிறமூர்த்தமோ ஹோர்மோனோ உறுப்புகளோ ஆண், பெண் என்ற வழக்கமான அமைப்புக்குள் முழுதாகப் பொருந்தாமல் பிறக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களை இடைப்பால் என்கிறோம். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

பால்நிலை என்பது அந்த உடம்பின் மேல் சமூகம் ஏற்றி வைப்பது. எப்படி உடுப்பது, எப்படிச் சிரிப்பது, யார் சமைப்பது, யார் கையெழுத்துப் போடுவது, எத்தனை மணிக்குள் வீட்டுக்கு வருவது, யார் அழலாம், யார் அழக்கூடாது. 1972இல் ஆன் ஓக்லி என்ற பிரித்தானியச் சமூகவியலாளர் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்து எழுதிய பிறகு இது சமூகவியல் வகுப்புகளில் அடிப்படைப் பாடமாகிவிட்டது. இப்போது நம்மூர் மாதர் சங்கக் கூட்டம் முதல் பிரதேச செயலகப் பயிற்சிப் பட்டறை வரை "பால்நிலை சமத்துவம்" என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியவரிடமே விளக்கம் கேட்டால் "பொம்புளையளுக்கு உதவி செய்யிறது" என்பார். அது இல்லை.

ஒரு விஷயம் பாலா பால்நிலையா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஊரை மாற்றிப் பாருங்கள், காலத்தை மாற்றிப் பாருங்கள். மாறாமல் நின்றால் பெரும்பாலும் பால், மாறினால் பால்நிலை. பிள்ளை பெறுவது மூதூரிலும் மெக்சிக்கோவிலும் பெண்தான், ஐந்நூறு வருடத்துக்கு முன்னும் பெண்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு யார் யாருடைய வீட்டுக்குப் போவது?

இந்தக் கேள்விக்கு மட்டக்களப்பு, அம்பாறைக்காரர்களைப் போல நல்ல உதாரணம் கிடைக்காது. தமிழ்நாட்டுப் படம் பார்த்து வளர்ந்த நமக்கு, பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அழுதழுது புகுந்த வீட்டுக்குப் போகிற காட்சி மனப்பாடம். படத்தைப் பார்த்து நாமும் அழுவோம். ஆனால் படம் முடிந்து திரும்பிப் பார்த்தால் நம்மூரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் மாப்பிள்ளை. வீடு பெண்ணுக்குத்தான். தகப்பனும் அண்ணன் தம்பிகளும் உழைத்து, கட்டாருக்கும் சவூதிக்கும் போய்ச் சம்பாதித்து, மகளுக்கு ஒரு கல்வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தங்கள் கல்யாணத்தைப் பற்றி வாய் திறப்பார்கள். மூத்த மகளுக்குத் தாய் வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் பின்பக்கம் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவதும் சாதாரணம். தமிழர் முஸ்லிம் என்ற வேறுபாடு இதில் இல்லை, காத்தான்குடியிலும் இப்படித்தான், அக்கரைப்பற்றிலும் இப்படித்தான், களுவாஞ்சிக்குடியிலும் இப்படித்தான். குடி என்கிற குலப்பிரிவும் தாய்வழிதான்: என்ன குடி என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்வோம், தகப்பனின் குடி தகப்பனோடு போய்விடும். ஒரு காலத்தில் முக்குவர் சட்டம் என்று இங்கே ஒரு வழக்காற்றுச் சட்டமே இருந்தது. அதன்படி ஒருவரின் முதுசச் சொத்து அவருடைய சொந்தப் பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். 1876இல் வந்த திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டத்தோடு அது வழக்கொழிந்தது.

பக்கத்தில் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அங்கேயும் பெண்ணுக்குச் சீதனமாக வீடும் வளவும் கொடுக்கிறார்கள். ஆனால் வடக்குத் தமிழருக்கான வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின் கீழ் வருகிற திருமணமான பெண், தன் பெயரில் உள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மட்டக்களப்புப் பெண்ணுக்குப் பொதுச் சட்டம், அவள் தனியாகக் கையெழுத்துப் போடலாம். இரண்டு பேரும் தமிழ்ப் பெண்கள்தான், இரண்டு பேருக்கும் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தம்தான். மட்டக்களப்பின் வட எல்லையான வெருகல் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிறந்ததால் கையெழுத்துப் போடும் மூளை கூடுதலாக வந்துவிடுமா என்ன?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பிழையாகிவிடும். இதையெல்லாம் கேட்டுவிட்டு "அப்போ மட்டக்களப்பில் பெண்களின் ஆட்சிதான்" என்று வெளியூர்க்காரர்கள் துள்ளுவார்கள். தாய்வழி வேறு, தாயின் அதிகாரம் வேறு. குடி பெண் வழியாக வருகிறது, ஆனால் குடியின் பெயரால் கோயில் நிர்வாகத்தில் வண்ணக்கராக நிற்பது ஆண், பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காயராக இருந்ததும் ஆண். வீடு மகளுடையது, ஆனால் அந்த வீட்டில் மருமகன் வந்து உட்கார்ந்த பிறகு மீனின் நடுத்துண்டு யாருடைய கோப்பைக்குப் போகிறது என்று பார்த்தால் தெரியும். அதோடு, வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்ற சுமையில் பெண்பிள்ளை பிறந்ததும் பெருமூச்சு விடுகிற குடும்பங்களும் இதே ஊரில்தான் இருக்கின்றன. பால்நிலை ஒழுங்கு ஒன்று ஒரு பக்கம் கொடுக்கும், மறுபக்கம் எடுக்கும்.

அடுத்தது கடல். 2004 டிசம்பர் 26. இந்தக் கரையில் அந்தக் காலையைப் பற்றித் தெரியாதவர் இல்லை. அம்பாறை மாவட்ட இடைத்தங்கல் முகாம்களில் இருந்த குடும்பங்களிடம் தரவு சேகரித்து 2006இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பெண்களின் இறப்பு வீதம் ஆண்களுடையதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அலைக்கு ஆண் பெண் தெரியாது. உடம்பையும் காரணம் சொல்ல முடியாது, ஏனென்றால் சராசரியாகப் பெண்ணுடலில் கொழுப்பு வீதம் அதிகம், தண்ணீரில் மிதப்பதற்கு அது வசதிதான். பாலை மட்டும் கணக்கில் எடுத்தால் பெண் கொஞ்சம் சுலபமாக மிதந்திருக்க வேண்டும். ஆனால் நீந்தப் பழக்கியது ஆண்பிள்ளைகளை. வாவியிலும் கடலிலும் பகல் முழுக்கக் கிடந்து கறுத்துப் போனவர்கள் பொடியன்கள், தென்னையில் ஏறிப் பழகியதும் அவர்கள்தான். பெண்கள் அந்த நேரத்தில் வீட்டுக்குள், அடுப்படியில், இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, உடம்பில் ஆறு யார் சாறி, அவிழ்ந்த நீளக் கூந்தல் வேலியிலும் கம்பியிலும் சிக்கியது. பிள்ளையை விட்டுவிட்டு ஓடலாம் என்று எந்தத் தாய்க்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. பால்நிலை என்றால் பயிற்சிப் பட்டறையில் பேசுகிற பேச்சு என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றை யோசித்தால் போதும்.

அது முடிந்த பிறகு வந்தது வீட்டுத் திட்டம். படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு இடம். அதில் யாருடைய பெயரை எழுதுவது? அதிகாரிக்குச் சந்தேகமே இல்லை, ஆணின் பெயர்தான். கடல் கொண்டுபோன வீடு மனைவியின் சீதன வீடு, தாய் கொடுத்தது, தாய்க்கு அவளுடைய தாய் கொடுத்தது. புதிதாகக் கிடைத்த வீட்டின் பத்திரம் பல இடங்களில் கணவன் பெயரில் வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பெண் பெயரில் இருந்த ஒன்றை ஒரு படிவம் மாற்றிவிட்டது, யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததும் இல்லை. ஆண்தான் தலைவர் என்பது அவர்களுக்கு அவ்வளவு இயல்பாக இருந்தது, கேட்கவே தோன்றவில்லை. இந்த ஊர்ப் பெண்கள் அமைப்புகள் அப்போதே சத்தம் போட்டன. பிரச்சினை என்னவென்றால், கணவன் குடித்துவிட்டு அடித்தால் முன்பு "என்ர வீட்ட விட்டு வெளிய போ" என்று சொல்ல ஒருத்திக்கு ஒரு உரிமை இருந்தது, அண்ணன் தம்பிகளும் பக்கத்து வளவில் இருந்தார்கள். பத்திரம் அவன் பெயரில் வந்த பிறகு வெளியே போக வேண்டியது யார்?

அரசு காணியிலும் இதே கதைதான், அது இன்னும் பழையது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற ஒருவர், தனக்குப் பின் இன்னாருக்கு என்று பெயர் குறிக்காமல் இறந்துபோனால் உறவு வரிசைப்படி காணி போகும். அந்த வரிசையில் மகளுக்கு முன்னால் மகன் நின்றான். குடியேற்றத் திட்டங்களால் நிரம்பிய அம்பாறை போன்ற மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 2022இல் வந்த திருத்தத்தோடுதான் அந்த ஆண் பெண் பாகுபாடு எடுக்கப்பட்டது. நம்மூர் வழக்கம் மகளுக்குக் கொடு என்றது, கொழும்பில் எழுதிய சட்டம் மகனுக்குக் கொடு என்றது, இரண்டும் "இயற்கை" என்றுதான் சொல்லிக்கொண்டன.

சரி, சொத்து சுகத்தை விட்டுவிட்டு நடை உடை பாவனைக்கு வருவோம். "நளினம் பெண்ணுக்குப் பிறவியிலேயே வருவது" என்று சொல்பவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு வடமோடிக் கூத்துப் பழக்கத்துக்குப் போக வேண்டும். பரம்பரையாகப் பெண் பாத்திரங்களுக்கும் ஆண்கள்தான் ஆடினார்கள். பகலில் மண்வெட்டி பிடித்த, மேசன் வேலை செய்த பொடியன் ஒருவனுக்குத் திரௌபதியோ சுபத்திரையோ கிடைக்கும். சட்டம் கொடுத்த நாளில், அதாவது பாத்திரம் பிரித்துக் கொடுத்த நாளில், அவன் ஆட்டத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும்: தோள் விறைத்து நிற்கும், கால் அகல விழும், கையைக் கோடரி மாதிரி வீசுவான். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டு "எட்டக் குறை மனே, தோளக் கீழ விடு, பார்வையத் தாழ்த்து" என்பார். மறுபடி தாளம், மறுபடி நிறுத்தம். மாதக்கணக்கில் இப்படிப் போகும். சதங்கை அணிகிற நாளுக்குள் அவனுடைய இடுப்பு வேறு விதமாக அசையத் தொடங்கியிருக்கும். அரங்கேற்றத்தில் உடுப்பும் முடியும் போட்டு வட்டக்களரியில் அவன் வரும்போது பாயில் இருக்கிற பெத்தாமார் "பொம்புளையே தோத்துப் போவாள்கா" என்று வெற்றிலையை மென்றுகொண்டே சொல்வார்கள். ஒரு மேசனுக்குச் சில மாதத்தில் பழக்க முடிகிற ஒன்று நிறமூர்த்தத்தில் எழுதப்பட்டிருக்க முடியாது. பெண்பிள்ளைகளுக்கும் இதே பழக்கம்தான் நடக்கிறது, அண்ணாவியாருக்குப் பதிலாகத் தாயும் பெரியம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும், சில மாதத்துக்குப் பதிலாகப் பதினைந்து வருடம். இப்போது பெண்களும் களரியில் ஏறி ஆடுகிறார்கள், பல்கலைக்கழகத்திலும் ஊரிலும். ராசா வேசத்துக்கு அவர்கள் எட்டை அகட்டிப் பழகுகிறார்கள், அதுவும் வந்துவிடுகிறது.

வீட்டில் நடக்கிற பழக்கத்தில் ஒரு பெரிய திருப்பம் பெண்பிள்ளை பெரிய பிள்ளையாகிற நாள். மாதவிடாய் வருவது பால், அதில் கதைக்க எதுவும் இல்லை. அதைத் தொடர்ந்து வருகிறவற்றைப் பாருங்கள். தண்ணீர் வார்ப்பது, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், உளுத்தங்களி, மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கு, வீடியோக்காரர், ஆல்பம். கொண்டாடட்டும், அதில் குறை சொல்லவில்லை (அந்த ஆல்பங்களைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் இருக்கிறது, அது இன்னொரு நாளைக்கு). போன மாதம் வரை சைக்கிளில் ஒழுங்கை முழுக்கச் சுற்றிக் கடைக்குப் போய்த் தேங்காய் வாங்கி வந்தவள், சடங்கு முடிந்த கையோடு "இனி தம்பி போவான்" என்று நிறுத்தப்படுகிறாள். தம்பிக்கு எட்டு வயது. அவளுடைய கருப்பைக்கும் தேங்காய் வாங்குவதற்கும் என்ன தொடர்பு என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் எல்லோருக்கும் அது சரியாகப் படுகிறது.

இங்கிருந்துதான் முத்திரைகள் வருகின்றன. "பொம்புளை என்றால் பொறுமை", "ஆம்பிளை என்றால் துணிச்சல்", "பெண்பிள்ளைக்குக் கணக்கு ஓடாது", "ஆண்பிள்ளைக்குப் பிள்ளை பார்க்கத் தெரியாது". ஒரு கூட்டத்தைப் பற்றிய அரைகுறை அவதானத்தை எடுத்து, அந்தக் கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவர் தலையிலும் குத்துவதுதான் முத்திரை. சில முத்திரைகளின் அடியில் ஒரு சராசரி உண்மை இருக்கலாம். சராசரியில் ஆண் பெண்ணைவிட உயரம், தோள் பலமும் கூட. ஆனால் உங்கள் வகுப்பில் இருந்த எல்லாப் பொடியன்களையும்விட உயரமான ஒரு பெட்டை இருந்திருப்பாளே, அவளை எங்கே வைப்பது? சராசரி என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு, முன்னால் நிற்கிற ஆளைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வேறு சில முத்திரைகளுக்கு அந்தச் சராசரி கூடக் கிடையாது. கணக்கு ஓடாது என்கிறார்களே, இலங்கையில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். படித்து முடித்து வெளியே வந்தபின் தொழிற்படையில் பார்த்தால் வேலை செய்கிற, வேலை தேடுகிற பெண்கள் மொத்தப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நடுவில் எங்கே போனார்கள்? வீட்டில்தான் இருக்கிறார்கள், விடிய நாலரைக்கு எழும்பி இரவு பத்து வரை வேலை செய்துகொண்டு. "அம்மா என்ன செய்கிறார்?" என்று கேட்டால் பிள்ளை "சும்மா இருக்கிறா" என்று சொல்லும்.

சமையலை எடுங்கள். சமையல் பெண்ணின் வேலை, அது பெண்ணின் கைக்குத்தான் வரும், அது அவளுக்கு இயற்கை. நல்லது. அப்படியானால் கல்யாண வீட்டில் கிடாரம் வைத்து ஆயிரம் பேருக்குச் சமைப்பது யார்? கோயில் அன்னதானத்தில்? கந்தூரியில்? கல்முனைக் கடையில் தகரத்தைத் தட்டித் தட்டிக் கொத்து ரொட்டி போடுவது? எல்லாம் ஆண். சம்பளமும் பெயரும் வந்தவுடன் அந்த "இயற்கை" இடம் மாறிவிடுகிறது. தையலும் அப்படித்தான், வீட்டில் சட்டை தைப்பவள் அவள், கடையில் நாடாவைக் கழுத்தில் போட்டிருப்பவர் பெரும்பாலும் அவர். வயலுக்கு வாருங்கள், களை பிடுங்குகிற, கச்சான் பிடுங்குகிற பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்கூலி. கேட்டால் "ஆம்பிளை செய்யிறது பாரமான வேலை" என்பார்கள். வெயிலில் எட்டு மணித்தியாலம் குனிந்து நிற்பது எந்தக் கணக்கில் லேசான வேலை என்று அவர்களே ஒரு நாள் நின்று பார்த்துச் சொல்லட்டும்.

முத்திரை சட்டத்துக்குள் எப்படி ஏறுகிறது என்பதற்கு இந்த மாவட்டங்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் வெளிநாட்டு வேலை. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று வந்தது. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக விரும்பும் தாய்க்கு ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய அறிக்கை அவளுக்கு மட்டும்தான். தகப்பன் மூன்று மாதக் குழந்தையை விட்டுவிட்டு விமானம் ஏறலாம், அவனிடம் யாரும் எந்த அறிக்கையும் கேட்கவில்லை. விதி பிறகு தளர்த்தப்பட்டது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குத் தாயின் உடம்பு தேவை, அது உடம்போடு வந்தது, ஒத்துக்கொள்கிறேன். நாலரை வயதுப் பிள்ளைக்குத் தலை இழுத்துப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப் போவதற்கு மார்பு தேவையில்லை. தாய் வெளிநாட்டில் இருக்க, தகப்பன் காலையில் இடியப்பம் வாங்கி வந்து பிள்ளைக்குத் தீத்தி அனுப்புகிற வீடுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அந்தத் தகப்பனைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அதனால்தான் ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால்நிலை என்றதும் பெண்கள் விவகாரம் என்று ஆண்கள் எழும்பிப் போய்விடுகிறார்கள். ஆனால் "ஆம்பிளை அழக்கூடாது" என்பதைக் கேட்டு வளர்ந்த பொடியன்தான் கடன் கழுத்தை நெரிக்கும்போது மனைவியிடம்கூட வாய் திறக்காமல் இருக்கிறான். இலங்கையில் தற்கொலை செய்துகொள்கிறவர்களில் மிகப் பெரும்பான்மை ஆண்கள். நெஞ்சு வலித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் "வாயு" என்று சொல்லிச் சோடா குடிப்பவரும், ஹெல்மெட் போட்டால் பயந்தவன் என்று நினைப்பார்கள் என்று வெறுந்தலையோடு மோட்டார் சைக்கிளில் பறக்கிறவரும் இதே பழக்கத்தின் பிள்ளைகள்தான். அக்காவின் வீட்டுக் கூரை முடியும் வரை தன் கல்யாணத்தைப் பற்றி நினைக்கக்கூடாது என்று முப்பத்தைந்து வயது வரை டோஹாவில் கிடக்கிற தம்பியும் சேர்த்துத்தான்.

இன்னொரு விஷயம், இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தனிக் கட்டுரைக்கு உரியது. பிறக்கும்போது தாதி சொன்ன பாலும், ஒருவர் தன்னை உள்ளுக்குள் யாராக உணர்கிறார் என்பதும் எல்லோருக்கும் ஒத்துப் போவதில்லை. ஒத்துப் போகாதவர்களைத் திருநங்கை, திருநம்பி என்று மரியாதையாக அழைக்கிறோம், அல்லது அழைக்க வேண்டும். 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்றின் மூலம், மருத்துவரிடம் இருந்து பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழில் பாலையும் பெயரையும் மாற்றிக்கொள்ள இலங்கையில் வழி இருக்கிறது. கூத்தில் பெண் வேசம் கட்டுகிறவரும் இவர்களும் ஒன்றல்ல, அவர் விடிந்ததும் வேசத்தைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்.

"அப்போ ஆணும் பெண்ணும் எல்லாத்திலயும் ஒண்டு என்று சொல்ல வாறீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை. உடம்பு வேறுபடுகிற இடத்தில் அதைப் பார்க்காமல் விடுவதும் ஆபத்துதான். இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்க்க ஹீமோகுளோபின் அளவு ஒரு டெசிலீற்றருக்கு ஆணுக்கு 13 கிராம், கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராம் என்று வேறு வேறு எல்லை வைத்திருக்கிறார்கள், அது தேவையானது. மாரடைப்பு வருகிற பெண்ணுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற மாதிரி வலி வராமல், களைப்பும் குமட்டலும் முதுகு வலியுமாகக் காட்டலாம். அது தெரியாமல் "யோசிச்சு யோசிச்சு வருத்தம் தேடுறாள்" என்று வீட்டிலேயே வைத்திருப்பார்கள். உடம்பின் வித்தியாசத்தைக் கவனிக்கத் தவறியது ஒரு பிழை, பெண் என்றால் சும்மா முனகுவாள் என்ற முத்திரை இன்னொரு பிழை, இரண்டும் சேர்ந்து ஒரே ஆளைப் பிடிக்கின்றன.

மற்றக் கேள்வி "இது நம்மட பண்பாடாச்சே". பண்பாடுதான், யார் இல்லையென்றது? பண்பாடு என்றாலே மாறுகிறது என்றுதானே அர்த்தம். இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று அரசியலமைப்பை மாற்ற பிரித்தானியர் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் எதிர்த்தவர்களில் நம்முடைய தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர், அவரும் பண்பாட்டின் பெயரால்தான் எதிர்த்தார். 1931இல் இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட பெண்கள் வாக்களித்தார்கள், பண்பாடு இடிந்து விழவில்லை. போருக்குப் பிறகு கணவனை இழந்த, காணாமல் போகக் கொடுத்த எத்தனையோ பெண்கள் வயல் செய்தார்கள், ஓட்டோ ஓட்டினார்கள், மாவட்டச் செயலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் தனியாக அலைந்தார்கள், யாரும் அவர்களிடம் இது பெண்ணுக்குரிய வேலையா என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் பிள்ளைகள் பட்டினி. அறுகம்பையில் 2018இல் பெண்களுக்கென்றே அலைச்சறுக்குக் கழகம் தொடங்கினார்கள், நாட்டிலேயே முதலாவது. பெண் கடலில் இறங்குவதா, வீட்டில் சமையல் யார் செய்வது என்று அவர்களுக்கும் முதலில் நல்ல பேச்சு விழுந்தது. இப்போது அறுகம்பை அலையில் பெண்கள் பலகையோடு நிற்பது பார்த்துப் பழகிய காட்சி.

உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் கிட்டத்தட்ட இரண்டு வீதமாக இருந்த நாடு இது. நாலில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று சட்டம் வந்து, 2018 தேர்தலில் முதல் தடவையாக அது நடைமுறைக்கு வந்தது. கட்சிக்காரர்கள் வேட்பாளர் தேடி வீடு வீடாக அலைந்தார்கள். நிற்கச் சம்மதித்த பெண்களிடம் வீட்டுக்காரர், கட்சிக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் மாறி மாறிக் கேட்ட கேள்வி, கூட்டம் இரவு பிந்தினால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பது. அதே பட்டியலில் மூன்று, நாலு பிள்ளைகளின் தகப்பன்மாரும் இருந்தார்கள். அவர்களிடம் ரோட்டுப் போடுவீர்களா, லைட் போடுவீர்களா என்றுதான் கேட்டார்கள்.